மழைக்குப் பொருந்தும் ‘ஹெவி’ காற்றுக்கும் காய்ச்சலுக்கும் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி – புதுப்பேனா

வணக்கம். தமிழ்ச் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதித்தரும் வேலையில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம், ‘பலத்த காற்றுடன் பலத்த மழை பெய்தது, கடும் காய்ச்சலால் மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்’ என்ற வரியை ஆங்கிலமாக்கியபோது, மூன்று இடங்களிலும் ‘ஹெவி’ என்றே எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் மழையை மட்டும் விட்டுவிட்டு, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ என்றும் காய்ச்சலுக்கு ‘ஹை’ என்றும் திருத்தினார். காரணம் கேட்டால், ‘அப்படித்தான் சொல்வார்கள்’ என்று முடித்துவிட்டார். இதற்கு ஏதேனும் விதி உண்டா, அல்லது ஒவ்வொன்றாக நெட்டுருப் போட வேண்டியதுதானா?

பதில் 1 – கரும்பலகை

உங்கள் தவறு ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, தமிழில் தொடங்குகிறது. நாம் காற்றுக்கும் மழைக்கும் ‘பலத்த’ என்ற ஒரே அடையைத் தருகிறோம். ஆங்கிலமோ மழையை அளவாகவும் காற்றை விசையாகவும் பார்க்கிறது. விழுவது, குவிவது, சுமத்தப்படுவது ஆகியவற்றோடு ‘ஹெவி’ இயல்பாகச் சேரும்: ஹெவி ரெயின், ஹெவி ஸ்நோ, ஹெவி டிராஃபிக், ஹெவி லாஸ், ஹெவி ஃபைன். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்வதைத்தான் ‘ஹெவி’ என்று வகைப்படுத்துகிறது. நாளிதழ்களில் நாம் படிக்கும் ‘கனமழை’ அதுவே. காற்றை அளக்கும் போஃபர்ட் அளவுகோலில் 6ஆம் எண்ணுக்கு ‘ஸ்ட்ராங் பிரீஸ்’, 9ஆம் எண்ணுக்கு ‘ஸ்ட்ராங் கேல்’ என்று பெயர். அந்த அளவுகோலின் பெயர்கள் எதிலும் ‘ஹெவி’ கிடையாது. காய்ச்சல் என்பது வெப்பமானியில் ஏறுவது. எனவே இரத்த அழுத்தம், விலை, வேகம் ஆகியவற்றைப் போல அதற்கும் ‘ஹை’.

‘கடும்’ என்ற சொல்தான் இன்னும் பெரிய கண்ணி. கடுங்குளிர் ‘பிட்டர் கோல்ட்’ ஆகும், கடும் போட்டி ‘ஸ்டிஃப் காம்பெடிஷன்’ ஆகும், கடும் நெரிசல் மட்டுமே ‘ஹெவி டிராஃபிக்’ ஆகும். தமிழ் அடையைப் பார்த்து ஆங்கில அடையைத் தேடாதீர்கள். முதலில் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை முடிவு செய்துகொண்டு, அது எந்த அடையைக் கேட்கிறது என்று பாருங்கள்.

பதில் 2 – சொல்லாடி

கரும்பலகை ஐயா கூறுவது பெரும்பாலும் சரி என்றாலும், அளவு, விசை என்ற விளக்கத்தை அதிகம் நம்பவும் கூடாது. கடலோடிகளின் வழக்கில் ‘ஹெவி சீஸ்’ என்றால் கொந்தளிக்கும் கடல், ‘ஹெவி வெதர்’ என்றால் காற்றும் அலையும் மிகுந்த வானிலை; அங்கே விசையும் ‘ஹெவி’தான். ஒரு சொல்லை அதனோடு கூடும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 1957இல் எழுதியது இதைக் கருதித்தான். அவருடைய மாணவர் ஹாலிடே காட்டிய எடுத்துக்காட்டு இன்னும் எளியது: தேநீர் ‘ஸ்ட்ராங்’, கார் ‘பவர்ஃபுல்’, இரண்டு அடைகளுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே என்றாலும் இடம் மாற்றினால் காதுக்கு ஒவ்வாது.

நம் மொழியிலும் இதே கதைதான். பச்சைப் பொய், பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை என்கிறோமே, இவற்றில் எதிலாவது நிறம் இருக்கிறதா? மழை ‘அடைமழை’ ஆகும், காற்று ‘அடைக்காற்று’ ஆகாது. அதற்கு நாம் யாரும் காரணம் கேட்டதில்லை. உங்கள் ஆசிரியரின் பதில் சுருக்கமானதுதான், ஆனால் பொய்யன்று.

பதில் 3 – இரவுப்பணி

நான் கடைப்பிடிக்கும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ‘ஹெவி’ வரும் இடத்தில் ‘லைட்’ என்று மாற்றிப் பாருங்கள். லைட் ரெயின், லைட் டிராஃபிக், லைட் ஸ்லீப்பர் ஆகியவை நிற்கும். ஆனால் ‘ஹெவி ஃபைன்’ என்பதன் எதிர்ப்பதம் ‘ஸ்மால் ஃபைன்’. ‘ஹெவி ஆக்சென்ட்’ என்பதன் எதிர்ப்பதம் ‘ஸ்லைட் ஆக்சென்ட்’. எனவே எதிர்ப்பதத்தையும் சேர்த்தே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஆளைக் குறிக்கும் சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஹெவி ஸ்மோக்கர்’ என்பதைப் ‘பருமனான புகைப்பிடிப்பவர்’ என்று ஒருவர் பெயர்த்திருந்ததை நானே திருத்தியிருக்கிறேன். அது மிகுதியாகப் புகைப்பவரைக் குறிக்கும். ‘ஹெவி ஸ்லீப்பர்’ நெடுநேரம் தூங்குபவர்கூட அல்லர். பக்கத்தில் இடி விழுந்தாலும் விழிக்காதவர்.

ஐயம் வந்தால் கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் தேடுங்கள். 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எந்த அடைகள் எத்தனை முறை வந்துள்ளன என்பதை அது வரிசைப்படுத்திக் காட்டும்.

புதுப்பேனா

மூவருக்கும் நன்றி. அப்படியானால் ‘கடும் தலைவலி’ என்பதையும் ‘ஹெவி ஹெட்ஏக்’ என்று எழுதக் கூடாது, அல்லவா?

கரும்பலகை

கூடாது. ‘பேட்’ அல்லது ‘சிவியர்’ என்று எழுதுங்கள். ஆனால் வலியில்லாமல் தலை பாரமாக மட்டும் இருக்கிறது என்றால், ‘மை ஹெட் ஃபீல்ஸ் ஹெவி’ என்று தாராளமாக எழுதலாம்.