பழைய பத்மினி காருக்கு டிஸ்க் பிரேக்: பொருத்தியவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருநகர் உறுப்பினர்:
கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். டம்டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில், அப்பா 1978இல் வாங்கிய பிரீமியர் பத்மினியின் பிரேக் பெடல், ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் பாதி ஆழம் போன பிறகே பிடித்தது. அடுத்த வளைவில் அதுவும் பிடிக்கவில்லை. பிரேக் லைனிங் (உராயும் பட்டை) கருகும் நாற்றம் வண்டிக்குள் நிறைந்தது. ஸ்டியரிங்கை ஒட்டிய கியரை இரண்டாவதுக்கு இழுத்து, ஹேண்ட்பிரேக்கையும் பிடித்து, மலையோரச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதமே முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை (சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது) எடுத்துவிட்டு, டிஸ்க் (சுழலும் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்துவது) பொருத்தினேன். கழற்றிய டிரம்களுக்குக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். வண்டி வீடு திரும்பிய அன்று, அப்பா முன்சக்கரத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அது சம்மதமா, வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கூடல்நகர் உறுப்பினர்:
திருநகர் அண்ணனுக்கு, குழந்தைக்கு ஒன்றும் ஆகாததே பெரிது. ஆனால் பழியை டிரம் மீது போடுவதை நான் ஏற்கவில்லை. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் மலையிறங்க வேண்டும். டாப் கியரில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூ அதை எட்டுவதற்குப் பெடல் இன்னும் கீழே போக வேண்டியிருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மாற்றாத ஆயில் சீக்கிரமே கொதித்துக் குமிழ் விடும். நீங்கள் மிதித்த பஞ்சு அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இன்னொன்று: டிரம்மின் சுழற்சியே ஷூவை இறுக்கிக் கொடுக்கும், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வைக்காவிட்டால் காலுக்குத்தான் பாரம். பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்ப மாற்றினீர்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். என் அம்பாசடரில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தராத டைனமோவை எடுத்து, அப்போதும் தரும் ஆல்டர்னேட்டர் வைத்ததோடு சரி. சிம்மக்கல் நெரிசலில், மழையிரவில், ஐட்லிங்கில் நின்றபோது ஹெட்லைட் மங்கிச் செம்மஞ்சளாகிப் போனதைக் கண்ட பிறகே அதற்கும் மனம் வந்தது.

மேலூர் உறுப்பினர்:
வெளிச்சத்துக்காக மாற்றலாம், நிற்பதற்காக மாற்றக்கூடாது என்பது என்ன நியாயம், கூடல்நகர் ஐயா? சென்னையில் தயாரான என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் எல்லாமே அசல் என்ற பெருமைக்காக, பழைய ரப்பர்ப் பெட்ரோல் குழாயைக்கூட விட்டுவைத்திருந்தேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்த ரப்பர் ஊறி உப்பியிருக்கிறது. அழகர்கோவில் சாலையில் வாடை வந்து பானட்டைத் திறந்தபோது, எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நான்கு விரற்கடை தள்ளிப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.