ஆல்ஃபிரிஸ்டன் பாதிரியார் வீடு: கூரை நேராக இருக்க, நடுச்சுவர் ஏன் உள்ளே?

ஜெலுத்தோங்_வாசி:
மகள் பிரைட்டனில் படிக்கிறாள், அடுத்த மாதம் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து பக்கம்தானாம், ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில் 600 வருஷத்துக்கு மேல் பழைய பாதிரியார் வீடு, பழைய கட்டடங்களைக் காக்கும் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு முதன்முதலில் வாங்கிய கட்டடம், 1896-இல் வெறும் 10 பவுண்டுக்கு! படத்தில் புல்வேய்ந்த கூரை ஒரே நேர்க்கோடு, ஆனால் நடுவில் சுவர் மட்டும் உள்ளே போயிருக்கிறது. பிற்பாடு மாற்றியதா?

கட்டட_கிறுக்கன் (கோலாலம்பூர்):
இல்லைங்க, கட்டும்போதே அப்படித்தான். இந்த வகைக்கு வீல்டன் வீடு என்று பெயர், கென்ட், சசெக்ஸ் பக்கம் நிறைய உண்டு. இரண்டு ஓரத்திலும் மாடி உண்டு, மாடித் தரையின் உத்தரங்களைக் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீட்டி அதன்மேல் மேல்சுவரை நிறுத்துவார்கள். நடுவில் இருப்பது கூடம், அதற்கு மாடியே கிடையாது, தரையிலிருந்து கூரை வரை திறந்த வெளி, அப்புறம் நீட்ட உத்தரத்துக்கு எங்கே போவது? கூரை மட்டும் ஒன்றாக ஓடுவதால் கூடத்துக்கு முன்னால் இறவாரம் அந்தரத்தில் நிற்கும், அதைத் தாங்க வளைந்த மரமுட்டு கொடுப்பார்கள். போனால் முதலில் அதைப் பாருங்கள்.

ஜெலுத்தோங்_வாசி:
கூடத்துக்கு மேல்தளம் ஏன் போடவில்லை? இடம் வீண்தானே.

கட்டட_கிறுக்கன்:
புகை! அந்தக் காலத்தில் இந்த மாதிரி வீடுகளில் புகைபோக்கி கிடையாது, கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு, புகை மேலே ஏறிக் கூரை வழியாகக் கசியும். மேலே தளம் போட்டால் மூச்சுமுட்டிச் சாக வேண்டியதுதான். புகைபோக்கி பரவிய பிறகு பல வீடுகளில் தளம் போட்டு உயரத்தை மறைத்துவிட்டார்கள்.

லெபோ_பசார்:
தரையை விட்டுவிட்டீர்களே. சுண்ணக்கட்டியை இடித்துக் கெட்டித்து, புளித்த பாலை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள், நம் பாட்டிமார் சாணி மெழுகியது மாதிரி. சுவரும் மரச்சட்டத்துக்கு நடுவே குச்சி பின்னி மண் அப்பியதுதான், ஈரத்தை வாங்கி வெளியே விடும். நம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசுகிறவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும், உள்ளே சிக்கிய ஈரம் செங்கல்லையே அரிக்கிறது, யார் கேட்கிறார்கள்.

ஜெலுத்தோங்_வாசி:
சரி, புரிந்தது. கூடத்தின் ஒரு மூலையில் ஓக் இலைச் செதுக்கல் இருக்கிறதாமே, டிரஸ்டின் சின்னம் அதிலிருந்துதான் வந்ததா?

கட்டட_கிறுக்கன்:
அப்படி ஒரு பேச்சு உண்டு, உறுதியில்லை. ஆனால் செதுக்கல் இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள்.