செம்மறித்தோல் விரிப்பில் தேத்தண்ணியும் பூஞ்சணமும்: தண்ணீரில் போடலாமா?

கொக்குவில்காரி

வணக்கம். அக்கா மெல்பேர்ணிலிருந்து வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு செம்மறி ஆட்டுத்தோல் விரிப்புக் கொண்டுவந்தா. வெள்ளை நிறம், மயிர் நல்ல அடர்த்தி. அப்பா அதைச் சாய்மனைக் கதிரையில் விரித்து வைத்துக்கொண்டு வேறு ஒருவரையும் அதில் இருக்க விடுவதில்லை, இடுப்பு நோவுக்கு இதுதான் மருந்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது இரண்டு பிரச்சினை. பால் தேத்தண்ணி ஒரு கோப்பை அப்படியே கொட்டுப்பட்டு, துடைத்த பிறகும் புளித்த மணம். மற்றது, மாரி முழுக்க விறாந்தையிலேயே கிடந்ததால் பின்பக்கத் தோலில் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம்.

அம்மா தகரக் கூரையில் போட்டு நல்ல வெயில் காட்டச் சொல்கிறா. பக்கத்து வீட்டு மாமி சலவைத்தூள் கரைத்து இரவு முழுக்க ஊறப்போடச் சொல்கிறா. இரண்டுக்கும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை. லேபல் கிடையாது, முதுகில் குத்துகிறது என்று அப்பா வந்த கையோடு வெட்டி எறிந்துவிட்டார். கிணற்றுத் தண்ணீரில் கழுவலாமா? வோஷிங் மெஷினில் போடலாமா? கழுவினால் எப்படிக் காயவைப்பது?

சுன்னாகத்தான்

சின்ன விஷயம். ஒரு வாளியில் வினாகிரியும் அப்பச்சோடாவும் ஒன்றாகக் கலந்து, நுரை வரும்போது ஊற்றித் தேயுங்கோ. மணமும் போகும், பூஞ்சணமும் போகும்.

முன்னாள் சலவைக்காரன்

தம்பி சுன்னாகத்தான், நுரை வருவதைப் பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் புளியும் காரமும் ஒன்றையொன்று அடித்து முடிந்த பிறகு வாளியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றுதான். இரண்டும் பயன்படும், ஆனால் தனித்தனியாக, வேறு வேறு வேலைக்கு.

தங்கச்சி, நான் அவுஸ்திரேலியாவில் சலவைக்கடையில் வேலை செய்துவிட்டு வந்தவன், இந்தச் சாமான் கையில் நிறையப் பட்டிருக்கிறது. முதலில் இரண்டு கேள்வி. பின்பக்கத் தோல் என்ன நிறம்? தொட்டால் மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா? அது தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் காட்டவேண்டாம். மாமி சொன்ன சலவைத்தூளை மறந்துவிடுங்கள். அநேகமான தூள்களில் இரத்தக்கறை, முட்டைக்கறை கரைப்பதற்கென்று நொதியம் சேர்த்திருப்பார்கள். அது புரதத்தைத் தின்கிற சாமான். கம்பளி மயிரும் புரதம், தோலும் புரதம். கறை எது, விரிப்பு எது என்று அதற்குத் தெரியாது. குளோரின் போட்ட வெளுப்பான் அதைவிட மோசம், கம்பளியையே கரைத்துவிடும்.

கொக்குவில்காரி

நன்றி அண்ணா. தோல் நீலம் கலந்த சாம்பல் நிறம். மெத்தென்றுதான் இருக்கிறது, தேத்தண்ணி பட்ட இடம் மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. அம்மா வெயிலை விடுகிற மாதிரி இல்லை. தவில் தோலை வெயிலில்தானே காயவைக்கிறார்கள், இதுக்கு மட்டும் என்ன என்று கேட்கிறா.

இணுவில் பெடியன்

தவில் என்றபடியால் நான் கதைக்கலாம், எங்கள் வீட்டு வேலை அது. அக்கா, அம்மாவிடம் சொல்லுங்கோ, வாத்தியத்துக்குப் போடுவது பதனிடாத தோல். காய்ந்தால் இறுகவேண்டும், இறுகினால்தான் சத்தம். உங்களுடைய விரிப்பு பதனிட்ட தோல், அது இறுகவே கூடாது என்பதற்காகத்தான் பதனிட்டு வைத்திருக்கிறார்கள். ஈரத்தோடு வெயிலில் போட்டீர்கள் என்றால் அப்பா தவிலுக்கு மேலேதான் இருக்கவேண்டி வரும்.

முன்னாள் சலவைக்காரன்

பெடியன் சொன்னதுதான் முழு விஷயமும். எல்லோரும் மயிரைப் பார்த்துக் கவலைப்படுவார்கள், ஆனால் கெட்டுப்போவது எப்போதும் பின்பக்கத் தோல்தான். பதனிடாத தோல் ஈரமாக இருக்கும்போது 60, 65 பாகை செல்சியஸ் அளவிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். பதனிட்டது அதைவிடத் தாங்கும், எவ்வளவு தாங்கும் என்பது பதனிட்ட முறையைப் பொறுத்தது. பங்குனி மத்தியானத்தில் நம்முடைய தகரத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. வெயில் வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கியும் விடும், அந்த மஞ்சள் பிறகு கழுவினால் போகாது.

நீலச் சாம்பல் என்றால் குரோமியத்தில் பதனிட்டது. நல்ல செய்தி, அது தண்ணீர் தாங்கும். மண்ணிறம் என்றால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருக்கலாம், கவனமாகக் கையாளவேண்டும். நல்ல வெள்ளையாக இருந்தால்தான் சந்தேகம், சீனக்காரத்தில் (படிகாரத்தில்) பதனிட்டதும் வெள்ளைதான், செயற்கை முறையில் சிலதும் வெள்ளைதான். சீனக்காரம் தண்ணீரில் கழுவுப்பட்டுப் போய்விடும், போனால் தோல் பழையபடி பச்சைத்தோல்தான்.

உங்கள் விரிப்புக்கு நான் செய்வது இப்படி. முதலில் பூஞ்சணம், தண்ணீர் காட்டுவதற்கு முன்பே. வெளியே கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த பிறஷால் தோல் பக்கத்தைத் தட்டி எடுங்கள். வீட்டுக்குள் வைத்துத் தட்டினால் அந்தத் தூள் மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றிலும் போய்க் குந்திவிடும். பிறகு பாமசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துப் பிழிந்து, பொட்டு உள்ள இடங்களில் மட்டும் ஒற்றி ஒற்றித் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யவேண்டாம்.

அப்புறம் கழுவல். வோஷிங் மெஷின் வேண்டாம், மேலால் திறக்கிறது என்றால் நிச்சயமாக வேண்டாம், நடுவில் நிற்கிற தண்டு மயிரைப் போட்டு முறுக்கும். கம்பளி மயிரில் செதில் இருக்கிறது, சூடும் அசைவும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றில் ஒன்று கொளுவி மயிர் சடையாகிவிடும், பிறகு பிரிக்கேலாது. பெரிய பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், 30 பாகைக்கு மேல் போகவேண்டாம். கம்பளிக்கென்று விற்கிற திரவம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்குப் போடும் சாம்பு ஒரு மேசைக்கரண்டி. மயிர்ப்பக்கம் கீழே இருக்கப் போட்டுக் கையால் அமத்தி அமத்தி எடுங்கள். தேய்க்கக்கூடாது, முறுக்கிப் பிழியக்கூடாது, ஊறப்போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகவும் கூடாது. அலசும்போது அதே சூட்டுத் தண்ணீரே இருக்கட்டும், சுடுதண்ணியிலிருந்து குளிர்ந்த தண்ணிக்கு மாற்றினால் அதுக்கும் சடை பிடிக்கும்.

வேலணை மண்

ஒருவரும் தண்ணீரைப் பற்றிக் கதைக்கவில்லையே. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடந்து வருவது. கேத்திலுக்குள் படிகிற வெள்ளையைப் பார்க்காத வீடு இருக்கிறதா? இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, சுண்ணாம்போடு சேர்ந்து ஒரு பசை மாதிரி உருவாகி மயிருக்கடியில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு எவ்வளவு சீவினாலும் பிசுபிசுப்புப் போகாது. தீவுப்பக்கம் என்றால் உவர்ப்பு வேறு. எங்கள் வீட்டில் கம்பளிப் போர்வைக்கு மாரியில் பீலியால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான். கடைசி அலசலுக்காவது அதைப் பாவியுங்கோ.

முன்னாள் சலவைக்காரன்

வேலணை அண்ணை சொல்வது முழுக்கச் சரி. மழைத்தண்ணீர் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரிலேயே செய்யலாம், ஆனால் சவர்க்காரம் கூடாது, சாம்புதான். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விடுங்கள், தண்ணீரின் காரத்தைக் குறைக்கும், தேத்தண்ணிப் பால் மணத்துக்கும் நல்லது. சுன்னாகத்தான் தம்பியின் வினாகிரிக்கு இங்கேதான் வேலை.

இனிக் காயவைத்தல். கழுவுவதைவிட இதில்தான் பொறுமை போகும். தூக்கும்போது ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்காதீர்கள், ஈரத்தில் பாரம் தாங்காமல் தோல் கிழியும். இரண்டு பழைய துவாய்க்கு நடுவில் வைத்துச் சுருட்டி, மேலே அமத்தித் தண்ணீரை எடுங்கள். பிறகு கயிற்றுக் கட்டிலிலோ பாயிலோ நிழலில் தட்டையாக விரித்து, காற்றோட்டம் உள்ள இடத்தில் விடுங்கள், வேண்டுமானால் ஃபான் போடலாம். ஹெயார் டிரையர், அயன்பெட்டி, குசினிச் சூடு ஒன்றும் வேண்டாம்.

மயிர் காய்ந்துவிட்டது என்று ஏமாறக்கூடாது. மயிருக்கடியில், வேர் பக்கம், ஈரம் கனநேரம் நிற்கும், அதை அப்படியே கதிரையில் விரித்தால் மாரி இல்லாமலேயே பூஞ்சணம் வரும். தோல் முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில் இரண்டு கையாலும் எல்லாத் திசையிலும் இழுத்து இழுத்து விடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தரம். அந்த இழுவை இல்லாவிட்டால் குரோமியத் தோலும் விறைக்கும். மயிருக்கு நாய் சீவுகிற கம்பிப் பிறஷ் போதும், நுனியிலிருந்து தொடங்கி வேருக்குப் போங்கள்.

கழுவிக் கொடுக்கிற இடம் கேட்டால், தெரியாத லாண்டரியில் கொடுப்பதைவிட வீட்டில் செய்வது மேல். இங்கே ஒரு இடத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவருடையதை டிரையரில் சுற்றிவிட்டு, பாதியாகச் சுருங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒஸ்லோவால் வந்த சித்தி

என்னிடம் இருப்பது நோர்வேயில் ஒரு கிராமத்துச் சந்தையில் வாங்கினது, பின்பக்கம் நல்ல வெள்ளை, கொஞ்சம் விறைப்பு. நான் என்ன செய்வது?

முன்னாள் சலவைக்காரன்

அக்கா, அது சீனக்காரமாக இருக்க நிறைய வாய்ப்பு. ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றியளவு தோலை நனைத்துக் காற்றில் காயவிடுங்கள். காய்ந்து வளைய மறுத்தால் அதை ஒருநாளும் கழுவாதீர்கள். அழுக்கு மயிர்ப்பக்கத்தில் மட்டும் என்றால் அப்பச்சோடாவோ சோளமாவோ தூவி, விரலால் வேர்வரை இறக்கி, இரவு வைத்துவிட்டு அடுத்தநாள் உதறி வக்கியூமால் எடுங்கள். கறை இருந்தால் பிழிந்த ஈரத்துணியால் மயிரின் நுனியை மட்டும் துடையுங்கள், ஈரம் தோலுக்கு இறங்கக்கூடாது.

ஒஸ்லோவால் வந்த சித்தி

சோதித்துப் பார்த்தேன் தம்பி, நனைத்த இடம் விறைத்துப்போய்விட்டது. நல்லவேளை குற்றியளவோடு நின்றது. சோளமா போட்டு உதறினதில் மயிர் பரவாயில்லாமல் எழும்பி நிற்கிறது. இன்னொன்று, ஒரு மூலையில் மயிர் கொத்தாகக் கழன்று வருகிறதே?

வேலணை மண்

அது பூச்சி அக்கா. சின்ன அந்துப்பூச்சியின் புழு கம்பளி மயிரைத் தின்னும், இருட்டில், அசைக்காமல் கிடக்கிற இடத்தில்தான் முட்டை வைக்கும். அலுமாரிக்கு அடியில் மடித்து வைத்திருந்தீர்களா? பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி ஆழ்குளிர்ப்பெட்டியில், -18 பாகையில், இரண்டு கிழமை விடுங்கோ. இடையில் கரண்ட் போய் உருகினால் நாளைத் திரும்ப முதலிலிருந்து எண்ணவேண்டும். மீன் வைக்கிற பெட்டி என்றால் இரண்டு பை. எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு திறவுங்கோ, இல்லாவிட்டால் வெளி ஈரம் தோலில் வியர்த்துப் பிடிக்கும். வேப்பிலையைப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது.

கொக்குவில்காரி

அண்ணா, கழுவியாயிற்று. மாசி வெயிலுக்கு நிழலிலேயே நன்றாகக் காய்ந்தது. பூஞ்சணம் பொட்டு சாடையான நிழலாகத் தெரிகிறது, மணம் இல்லை. மயிர் புதுசு மாதிரி இல்லை, ஆனால் முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல். தேத்தண்ணி கொட்டின ஓரம் மட்டும் இன்னும் விறைப்பு. அம்மா தேங்காயெண்ணெய் பூசச் சொல்கிறா (வெயிலில் தோற்ற கோபம் என்று நினைக்கிறேன்).

முன்னாள் சலவைக்காரன்

எண்ணெய் வேண்டாம். தோலுக்குள் ஊறி மயிர்ப்பக்கம் வந்து, தூசியை இழுத்து, சிக்குமணம் பிடிக்கும். அந்த ஓரத்தை மட்டும் பிழிந்த துணியால் லேசாக நனைத்து, ஒரு கால்மணி நேரம் விட்டு, கதிரைச் சட்டத்தின் விளிம்பில் தோல்பக்கத்தை வைத்து முன்னும் பின்னும் இழுங்கள். அப்பவும் வராவிட்டால் சப்பாத்துக் கடையில் நிறமில்லாத தோல் கிறீம் வாங்கி மிகக் கொஞ்சம், தோல்பக்கத்தில் மட்டும். பூஞ்சண நிழல் போகாது, அது நிறம் மட்டும்தான், உயிரோடு இல்லை.

அடுத்த ஐப்பசி வருவதற்கு முன் ஒரு ஏற்பாடு செய்யுங்கள். காற்றில் ஈரம் 70 வீதத்துக்கு மேல் கனநாள் நின்றால் பூஞ்சணம் வரும், நம்முடைய கார்த்திகை மார்கழியில் அது சர்வசாதாரணம். அந்த மாதங்களில் விறாந்தையில் வேண்டாம், உள் அறையில், கதிரையிலிருந்து அடிக்கடி எடுத்து இரண்டு பக்கமும் காற்றுப் படவிடுங்கள். பொலித்தீனில் கட்டி மூடி வைப்பது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது. பழைய பருத்தித் துணியில் சுற்றலாம்.

சாவகச்சேரி பேரன்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அம்மம்மா படுக்கையில், முதுகுப் புண் வராமல் இருக்க மாமா கனடாவிலிருந்து ஒரு ஆட்டுத்தோல் அனுப்பியிருக்கிறார். சலம் (சிறுநீர்) பட்டுவிடுகிறது. அதையும் இப்படி 30 பாகையில்தான் கழுவவேண்டுமா?

முன்னாள் சலவைக்காரன்

லேபலைப் பாருங்கள் தம்பி. நோயாளிகளுக்கென்று செய்கிற மருத்துவ ஆட்டுத்தோல் வேறு முறையில் பதனிட்டது, சலத்தையும் அடிக்கடி கழுவுவதையும் தாங்கவென்றே செய்தது, பல வகைகளை 60 பாகைக்கும் மேலே கழுவலாம், எவ்வளவு என்று லேபலிலேயே போட்டிருக்கும். சாதாரண விரிப்பை அனுப்பியிருந்தால் அதே சூட்டில் போட்டுவிடாதீர்கள். எதுவானாலும் இரண்டு வைத்திருந்து மாறி மாறிப் போடுங்கள், ஈரத்தோடு ஒன்றை அம்மம்மாவுக்கு அடியில் விடவேண்டாம். தோல் போட்டுவிட்டோம் என்று புரட்டிப் படுக்கவைப்பதையும் நிறுத்தக்கூடாது. லேபலின் படம் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.