பள்ளியில் பேசாத 6 வயது மகள்: நெல்லைப் பக்கம் விளையாட்டு சிகிச்சை தருபவர் உண்டா?

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருப்பது பாளையங்கோட்டையில். மகள் ஒண்ணாம் வகுப்பு. ஜூன்ல புதுப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வருகைப்பதிவுக்குப் பேர் கூப்பிட்டா கை மட்டும் தூக்குறாளாம். பாத்ரூம் போகணும்னு கேட்கக்கூட வாய் வராது, சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கியதும் ஓடுவாள். வீட்டிலோ சரியான வாயாடி. தம்பியை உட்கார வைத்து மிரட்டிப் பாடம் நடத்துவாள்.

காது பரிசோதனை பண்ணியாச்சு, குறை இல்லை. குழந்தை மருத்துவர் "வளர வளர சரியாயிடும்" என்றார். மனநல மருத்துவர்தான் இது செலக்டிவ் மியூட்டிசம் (சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போவது), பிடிவாதம் இல்லை, பதற்றம் என்று விளக்கி, மாத்திரை இப்போது வேண்டாம், விளையாட்டு வழி சிகிச்சை பாருங்கள் என்றார். ஊரில் 'ப்ளே தெரபி' போர்டு போட்ட ஓர் இடத்துக்குப் போனோம். அங்கே எழுத்து எழுத வைத்து, "பேசினா சாக்லேட்" என்றார்கள். இன்னும் இறுகிப்போனாள், நிறுத்திவிட்டோம்.

வீட்டில் களிமண், வரைதல், கைப்பாவை எல்லாம் வைத்திருக்கிறோம். காக்கா பாவையைக் கையில் மாட்டினால் மட்டும், வெளியாட்களிடமும் காக்கா குரலில் ரெண்டு வார்த்தை கிசுகிசுக்கிறாள்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம், பேசச் சொல்லி வற்புறுத்தாமல் பாவை, மணல், ஓவியம் வைத்து முறையாகச் சிகிச்சை தருபவரிடம் உங்கள் குழந்தையைக் காட்டியிருக்கிறீர்களா?