ரிஃப்ளெக்டர் சோதனை: கேமரா நல்ல பீஸைத் தள்ளுகிறது, பின்ஹோலை விடுகிறது

வரிசை3_தரம்:
பைக் ஹெட்லைட் ரிஃப்ளெக்டருக்கு கேமரா சோதனை போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அலுமினியப் பூச்சு முடிந்து வருகிற பீஸ், கண்ணாடி மாதிரி பளபளக்கும். 5 மெகாபிக்சல் கேமரா, அதைச் சுற்றி ரிங் லைட். நல்ல பீஸையே நிறையத் தள்ளுகிறது, ஆனால் கையில் திருப்பிப் பார்த்தால் தெரிகிற பின்ஹோலும் (பூச்சில் விழுகிற ஊசிமுனைத் துளை) மெல்லிய கீறலும் தப்பிவிடுகின்றன. தள்ளியதையெல்லாம் இரவு ஷிஃப்டில் ஒரு அக்கா உட்கார்ந்து மறுபடி பார்க்கிறார், அவர் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தான் இதையே வாங்கினோம். படத்தைப் பார்த்து நல்லது, குறை என்று பிரிக்கிற மாடலை மாற்றினால் சரியாகுமா?

ஒளிக்கோணம்:
மாடலைத் தொடாதீர்கள், முதலில் லைட்டைப் பாருங்கள். கண்ணாடிப் பரப்பைப் படமெடுத்தால் அதற்கு எதிரே இருப்பதுதான் விழும். உங்கள் படத்தில் ரிங் லைட்டின் வளையமும் லென்ஸின் கறுப்பு வட்டமும் இருக்கும், அதைத்தான் அது குறை என்கிறது. டோம் லைட், அதாவது குடை மாதிரி கவிந்து எல்லாப் பக்கமும் சீராக ஒளி தருகிற லைட், போட்டுப் பாருங்கள். பரப்பு நெளிவுக்கு டிஃப்ளெக்டோமெட்ரி நல்லது: திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிட்டு, பீஸில் தெரிகிற பிரதிபலிப்பைப் படமெடுப்பார்கள், மேடு பள்ளம் இருக்கிற இடத்தில் கோடு வளைந்துவிடும். ஆனால் ரிஃப்ளெக்டர் ஆழமான கிண்ணம், ஒரு சுவரில் இருக்கிற புள்ளி எதிர்ச்சுவரிலும் தெரியும், அதனால் பீஸைச் சுழற்றி நாலைந்து கோணத்தில் எடுக்க வேண்டிவரும்.

பழைய_இன்ஸ்பெக்டர்:
தம்பி, கணக்கையும் போட்டுப் பாருங்க. உங்கள் கேமராவின் 2448 பிக்சல் அகலத்தில் 170 மி.மீ. பரப்பைப் பார்த்தால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 0.07 மி.மீ. 0.1 மி.மீ. பின்ஹோல் ஒன்றரை பிக்சல்கூட வராது, மூன்று நாலு பிக்சலாவது வேண்டும். அப்புறம், எது ரிஜெக்ட் என்பதற்கு லிமிட் சாம்பிள் (இதுவரை ஏற்கலாம் என்று எல்லை காட்டுகிற மாதிரி பீஸ்) வைத்திருக்கிறீர்களா? 30 பீஸை அதே அக்காவிடம் சொல்லாமல் இரண்டு தடவை கொடுங்கள். இரண்டு தடவையும் ஒரே பதில் வராவிட்டால், எல்லை எது என்று அவருக்கே யாரும் தெளிவாகச் சொல்லவில்லை என்று அர்த்தம், கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நல்லபீஸ்:
குறையுள்ள படம் போதாதென்றால் நல்ல பீஸை மட்டும் காட்டிப் பழக்குகிற முறைகள் இருக்கின்றன, பேட்ச்கோர் அப்படித்தான். 2019இல் வந்த எம்விடெக் ஏடி படத்தொகுப்பும் இதற்காகவே, பொருள்களும் பரப்புகளுமாக 15 வகை. ஆனால் லைட்டைச் சரிசெய்யாமல் அதற்குப் போகாதீர்கள்.

வரிசை3_தரம்:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். படத்தைத் திறந்து பார்த்தேன், தள்ளிய இடமெல்லாம் அந்த வளையமேதான். லிமிட் சாம்பிள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் பூச்சு உரிந்துவிட்டது. நாளைக்கு அக்காவையே கூடவைத்துப் புதிதாகப் பிரிக்கப்போகிறோம். டோம் லைட் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன்.