வால்பாறையின் யானை எச்சரிக்கை விளக்குகள்

கேள்வி: கூடலூர்ப் பகுதியில் அகழி வெட்டியும் தோட்டங்களுக்குள் யானைகள் வருவது நிற்கவில்லை. வால்பாறையின் சிவப்பு விளக்கு முறை எங்களுக்கு உதவுமா?

பதில்: அது யானையைத் தடுக்கும் முறையன்று; யானை அருகில் இருப்பதை மக்களுக்கு எச்சரிக்கும் முறை. அங்கு யானைகளால் உயிரிழந்தோரில் பெரும்பாலோர் யானை அருகில் நிற்பதை அறியாமல் எதிர்ப்பட்டவர்கள் என்பதை ஆய்வில் கண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆனந்தகுமார் குழுவினர், குறுஞ்செய்திகளையும், கைப்பேசி அழைப்பால் தொலைவிலிருந்தே எரியவைக்கக்கூடிய விளக்குகளையும் வனத்துறையுடன் இணைந்து நடைமுறைப்படுத்தினர். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே சோலைக்காட்டுத் துண்டுகள் இருக்கும் வரை யானைகள் அவ்வழியே நடக்கத்தான் செய்யும்.

மற்றொரு பதில்: ஆயினும் ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் விளக்கு காப்பாற்றாது. அரிசியை மோப்பம் பிடித்த யானை சுவரையே இடித்துவிடும் (பூட்டு எம்மாத்திரம்!) என்பதால், இரவில் அங்கே இருப்பு வைக்காதிருப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்: நன்றி. யானை நிற்கும் இடத்தை யார் தெரிவிப்பார்கள்?

பதில்: வனத்துறைக் கண்காணிப்புக் குழுவினரோடு தோட்டத் தொழிலாளர்களும் தெரிவிப்பார்கள், அவர்கள் பங்கேற்காவிட்டால் விளக்கு எரியாது.