4×5 கேமராவுக்கு முதல் லென்ஸ்: 150-ஆ, 210-ஆ?

கறுப்புத்துணி:
4×5 கேமரா, அதாவது நான்குக்கு ஐந்து அங்குலத் தாள் ஃபிலிம் போடும் பெரிய கேமரா, வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே போதும், எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "150 வாங்குங்க, அதுதான் ஸ்டாண்டர்டு." லென்ஸின் குவியத்தூரம் (மி.மீ.) ஃபிலிமின் மூலைவிட்டத்தை ஒட்டி இருந்தால் ஸ்டாண்டர்டு என்பது கணக்கு. அது என்னவோ சரிதான். தாளில் படம் விழும் இடம் சுமார் 96×120 மி.மீ., அதன் மூலைவிட்டம் 154. ஆனால் 35 மி.மீ. ஃபிலிமின் மூலைவிட்டம் 43தான். அங்கே 50-ஐத்தானே ஸ்டாண்டர்டு என்கிறோம்? அந்த விகிதப்படி இங்கே 180-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆகவே இந்தக் கணக்கை நான் ஓரமாக வைத்துவிட்டேன்.

கறுப்பு அட்டையில் 96×120 அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, அடியில் நூல் கட்டி, 135, 150, 180, 210 மி.மீ. தூரங்களில் முடிச்சுப் போட்டேன். முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தோடு பிடித்து, இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், அந்த லென்ஸுக்குள் எவ்வளவு அடங்கும் என்று தெரிந்துவிடும். கேமரா இல்லாமல் இந்த அட்டையோடு, பெரிய செட்டிநாட்டு வீடுகள் உள்ள கானாடுகாத்தான் தெருக்களில் சுற்றினேன். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, இடம் அளக்கிறீங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான்.

15 மீட்டர் தள்ளி நின்றால் 150 முடிச்சில் 12 மீட்டர் அகலம் அடங்கியது. 210-இல் எட்டரைதான், முகப்பு பாதியில் வெட்டுப்பட்டது. ஆனால் நிலைக்கதவு, தூண், மரச்சிற்பம் என்று கிட்டத்தில் பார்க்கும்போது கை தானாக 210 முடிச்சுக்குப் போனது. நான் முழு வீட்டை எடுக்கிறவன், அதனால் 150.

சரி, எந்த 150? கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் தூண்கள் உள்பக்கம் சாயும். அதனால் கேமராவை நேராக நிறுத்திவிட்டு லென்ஸை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றலாம் என்பதை லென்ஸின் பிம்ப வட்டம்தான், அதாவது லென்ஸ் பின்னால் விழவைக்கும் வட்டப் படத்தின் விட்டம்தான், தீர்மானிக்கும். ஃபிலிம் நெடுக்குவாக்கில் இருக்கும்போது, வட்டம் சுமார் 170 மி.மீ. உள்ள நான்கு கண்ணாடி டெசார் வகை லென்ஸ் 10 மி.மீ. ஏற்றத்திலேயே மூலையை இருட்டாக்கிவிடும். ஷ்னைடர் சிம்மார்-எஸ், துளையை எஃப்/22-க்குச் சுருக்கினால், 210 மி.மீ. வட்டம் தருகிறது, 33 வரை ஏற்றலாம். ரோடன்ஸ்டாக் அப்போ-சிரோனார்-எஸ் என்றால் வட்டம் 231, ஏற்றம் 45. இந்தப் 12 மி.மீ.க்காக அத்தனை பணம் கூடக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சிம்மார்-எஸ் தேடிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

பழைய ஸ்டுடியோ:
தம்பி, நான் முகம் எடுக்கிறவன். எனக்கு 210தான் ஸ்டாண்டர்டு. தலையும் தோளும் தாளை நிறைக்க வேண்டுமானால் உருவம் கால் பங்கு அளவில் விழ வேண்டும். 150 போட்டால் அதற்கு லென்ஸ் முக்கால் மீட்டருக்குள் போக வேண்டும். மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும், உட்கார்ந்திருப்பவரும் நெளிவார். 210-இல் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே நிற்கலாம். இரண்டரை அடி தூரத்துக்கும் மூன்றரை அடி தூரத்துக்கும் இடையில் மனிதர் முகமே மாறிவிடுகிறது.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் 210-க்கு பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ள மடிப்புப் பை) 26 செ.மீ. நீள வேண்டும். குட்டி கேமரா சிலவற்றில் அதற்கப்புறம் நீட்ட இடமே இருக்காது. வெளிச்சமும் அரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறையும், எந்த லென்ஸ் போட்டாலும். ஃபோகஸ் செய்துவிட்டு ஃபிலிம் ஹோல்டரைச் சொருகுவதற்குள் ஆள் ஓர் அங்குலம் முன்னால் சாய்ந்தால் கண் ஃபோகஸை விட்டுப் போய்விடும். அந்தக் காலத்தில் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்களே, சும்மாவா?

தலைகீழ்:
இரண்டும் வேண்டும், காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்பவர்களுக்கு என் கதை. என்னிடம் இருப்பது பழைய கன்வர்ட்டிபிள் சிம்மார், 150 எஃப்/5.6. முன்பக்கக் கண்ணாடித் தொகுதியைக் கழற்றிவிட்டால் 265 எஃப்/12 ஆகிவிடும். ஷட்டரிலேயே அதற்கென்று பச்சை எழுத்தில் தனி எஃப் அளவுகள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எஃப்/12-இல் கிரவுண்ட் கிளாஸ் (ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடி) மழைக்கால மாலை மாதிரி மங்கிக் கிடக்கும், துணிக்குள் கண் பழகவே நேரமாகும். திறந்து வைத்து ஃபோகஸ் செய்து எஃப்/22-க்கு மூடினால் ஃபோகஸ் கொஞ்சம் நகரும், அதனால் மூடிய பிறகு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து மறுபடி பார்ப்பேன். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் ஃபில்டர் போட்டால் கூர்மை தேறுகிறது. வயதான முகங்களுக்கு 265-இன் மென்மை அழகு. கட்டடத்துக்கு வேண்டாம். 150-ஆக மட்டும் வைத்துக்கொண்டாலும் நல்ல லென்ஸ்தான்.

ஒரு நொடி:
கறுப்புத்துணி அண்ணா, பழைய லென்ஸில் கண்ணாடியைவிட ஷட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேல் வேகம் 1/500 சரியில்லை என்றாலும் பரவாயில்லை. 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு நல்ல வெயிலிலேயே எஃப்/22-இல் 1/60 பக்கம்தான் வரும். முற்றம், வளவு என்று உள்ளே போனால் அரை நொடி, ஒரு நொடி. எண்ணெய் காய்ந்த ஷட்டர் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஒரு நொடியில் வைத்து, சத்தத்தைப் போனில் பதிவு செய்து, திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். நான் வாங்கிய ஒன்று கிட்டத்தட்ட இரண்டு நொடி இழுத்தது. விற்றவர் "நேற்றுகூட நல்லா ஓடுச்சே" என்றார்.

ஷ்னைடரில் உள்விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். கறுப்புப் பூச்சுதான் பொரிந்திருக்கும், படத்தில் தெரியாது. விலை பேச நல்ல சாக்கு. நூல் நூலாகப் பூஞ்சை இருந்தால் தொடாதீர்கள்.

கறுப்புத்துணி:
புள்ளி போட்ட சிம்மார்-எஸ் ஒன்று அமைந்துவிட்டது, கோப்பல் 0 ஷட்டர். ஒரு நொடி ஒரு நொடியாகவே ஓடுகிறது. லென்ஸைக் கேமராவில் மாட்டும் பலகையில் 34.6 மி.மீ. துளை வேண்டுமாம், இங்கே தச்சரிடம் 35 கட்டர்தான் இருக்கிறது. போடலாமா?

ஒரு நொடி:
போடலாம் அண்ணா. பின்னால் இறுக்கும் வளையம் அதைவிட அகலம். இறுக்கும்போது நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஷட்டரின் பின்னால் சின்ன ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் பலகையில் அதற்கும் ஒரு குழி போடச் சொல்லுங்கள், இல்லை என்றால் ஆணியையே கழற்றிவிடலாம்.